ரெண்டு புள்ளி நாலும் அஞ்சும்

கல்யாண மண்டபத்துக்கு வெளியே, தெருமுனை டீக்கடையில் நின்று கேட்டுப் பாருங்கள். உள்ளே லைட் மியூசிக் அமர்க்களப்படும். உங்கள் காதுக்கு வந்து சேருவது என்ன? பாட்டா? பாடுகிறவரின் குரலா? ம்ஹூம்! 'டம்... டம்... டம்' என்கிற தடியான சத்தம் மட்டும்தான். கீச்சுக் குரல்களெல்லாம் மண்டபச் சுவரிலேயே தங்கிவிடும். தாளம் மட்டும் சுவரைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, நம் டீ கிளாஸ் வரைக்கும் வந்து அதிரும்.

இது புரிந்துவிட்டால் உங்களுக்கு வைஃபை பாதி புரிந்துவிட்டது என்று அர்த்தம். மீதிப் பாதிக்கு, தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெருவில் நடந்த அனுபவம் இருந்தால் போதும்.

"நீ பி.காம். ஆச்சேப்பா, டெபிட் கிரெடிட்டைப் பார்க்காமல் உனக்கு எதுக்கு ரேடியோ அலை சமாசாரமெல்லாம்?" என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்கு ஒரு தகவல். வைஃபையின் பூர்வீகமே கல்லாப்பெட்டிதான்!

நிஜமாகத்தான் சொல்கிறேன். நேஷனல் கேஷ் ரிஜிஸ்டர், சுருக்கமாக என்.சி.ஆர்., என்று அமெரிக்காவில் ஒரு கம்பெனி. கடைகளுக்குக் கல்லா மெஷின் செய்து கொடுத்தே பெரிய ஆளானவர்கள். பெரிய கடைகளில் அடிக்கடி கவுன்ட்டரை இடம் மாற்றுவார்கள். ஒவ்வொரு தடவையும் தரையைப் பெயர்த்து, கல்லா மெஷினுக்குப் போகும் ஒயரை இழுத்து, மறுபடி பூசி... செலவு மாளவில்லை. ஒயரே இல்லாமல் கல்லாவைக் கம்ப்யூட்டரோடு பேசவைத்தால் என்ன என்று யோசித்தார்கள். 1985-ல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் சில அலைவரிசைகளை 'லைசென்ஸ் வேண்டாம், யார் வேண்டுமானாலும் உபயோகித்துக் கொள்ளலாம்' என்று திறந்துவிட்டது அவர்களுக்கு வசதியாகப் போயிற்று. நெதர்லாந்தில் அதே கம்பெனியில் வேலை பார்த்த விக் ஹேய்ஸ் என்பவர், எல்லா கம்பெனி மெஷின்களும் ஒரே பாஷை பேசவேண்டும் என்று கமிட்டி போட்டு, அதற்குப் பத்து வருஷம் தலைமை தாங்கினார். 1997-ல் முதல் தர விதி வெளியானது. அப்போது உச்ச வேகம் எவ்வளவு தெரியுமோ? விநாடிக்கு 2 மெகாபிட். இன்றைக்கு நாம் பார்க்கும் ஒரு சுமாரான வீடியோவுக்குக் கூடப் போதாது!

ஆக, கல்லாப்பெட்டிக்காரர்கள் ஆரம்பித்து வைத்ததை ஒரு காமர்ஸ் பட்டதாரி விளக்குவதில் தப்பே இல்லை. மேலே போவோமா?

*

உங்கள் வீட்டு ரவுட்டர் ஃபோனில் இரண்டு பெயர் காட்டும். ஒன்று சாதாரணப் பெயர். இன்னொன்று அதே பெயருக்குப் பின்னால் '5ஜி' என்று வால் வைத்தது. (இதற்கும் செல்ஃபோன் கம்பெனிகள் விற்கிற 5ஜி-க்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது. அது ஐந்தாம் தலைமுறை. இது ஐந்து கிகாஹெர்ட்ஸ்.)

முதலாவது 2.4 கிகாஹெர்ட்ஸ். அதாவது விநாடிக்கு 240 கோடி தடவை அதிர்கிற அலை. ஓர் அலையின் நீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு தோசைக் கரண்டியின் அரைவாசி. இரண்டாவது விநாடிக்கு 500 கோடிக்கு மேல் அதிர்வது. அலை நீளம் ஐந்து, ஆறு சென்டிமீட்டர்தான்.

அலை எவ்வளவு வேகமாக அதிர்கிறதோ, அவ்வளவுக்குச் சுவரில் அடிபடும். செங்கல் சுவர், கான்கிரீட் தளம், உள்ளே கம்பி கட்டின தூண் எல்லாம் 5 கிகாஹெர்ட்ஸிடம் கூடுதலாகவே வரி வசூல் செய்யும். 2.4-ஐக் கொஞ்சம் தாராளமாக விட்டுவிடும். கல்யாண மண்டபத்து 'டம் டம்' மாதிரி.

சுவரே இல்லாத மொட்டைமாடியில்? அங்கேயும் 5 கொஞ்சம் பின்தங்கும். காரணம் வேறு. அலை குட்டையாக இருந்தால் அதைப் பிடிக்கிற ஆன்டெனாவும் குட்டை. மழைத் தண்ணீர் பிடிக்க அண்டா வைப்பதற்கும் டம்ளர் வைப்பதற்கும் உள்ள வித்தியாசம். மழை ஒன்றுதான், சேருகிற தண்ணீர் வேறு. அதிர்வெண் இரண்டு மடங்கானால் அதே மாதிரி ஆன்டெனா பிடிக்கிற சக்தி நாலில் ஒரு பங்காகிவிடும்.

"அப்படியானால் 2.4-தானே உசத்தி? அஞ்சு எதுக்கு ஸார்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. இப்போதுதான் ரங்கநாதன் தெரு வருகிறது.

*

2.4-க்கு ஒதுக்கிய இடம் மொத்தமே 83.5 மெகாஹெர்ட்ஸ். அதில் நம் நாட்டில் 1 முதல் 13 வரை சேனல் நம்பர் போட்டிருக்கிறார்கள். பதிமூன்று இருக்கிறதே, தாராளம் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். ஒவ்வொரு சேனலுக்கும் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். ஆனால் நம்பருக்கு நம்பர் 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி. சினிமா தியேட்டரில் நாலு பேர் அகலமுள்ள ஆசாமிகளுக்கு அடுத்தடுத்த சீட் நம்பர் கொடுத்த மாதிரி! ஒருவர் மடியில் இன்னொருவர் உட்கார வேண்டியதுதான். இடிக்காமல் உட்கார வேண்டுமானால் 1, 6, 11 என்று மூன்றே பேர்தான் உட்காரலாம்.

எங்கள் குடியிருப்பில் 24 ஃபிளாட். ஒரு நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு என் ஃபோனில் வைஃபை பட்டியலைத் திறந்தேன். 'ஓசிக்கு இடமில்லை', 'பாஸ்வேர்டு கேட்காதே', 'மாடி வீட்டு மன்னாரு' என்று பட்டியல் ரேஷன் கார்டு லிஸ்ட் மாதிரி போய்க்கொண்டே இருந்தது. அத்தனை பேரும் அந்த மூன்று சீட்டில்தான்!

வைஃபைக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. பேசுவதற்கு முன்னால் யாராவது பேசுகிறார்களா என்று காது கொடுத்துக் கேட்கும். பேசினால் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கும். ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். (நம் சட்டசபைகளுக்கு இந்த விதியைச் சிபாரிசு செய்யலாம்.) எதிர்வீட்டு ரவுட்டர் பேசும்போது உங்கள் ரவுட்டர் சும்மா இருக்கிறது. இதனால்தான் சிக்னல் கோடு நாலும் முழுசாகத் தெரியும், ஆனால் வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கும். கோடு காட்டுவது ரவுட்டரின் குரல் எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதை. உங்கள் முறை எப்போது வரும் என்பதை அல்ல!

இதில் இன்னொரு வில்லங்கம். வங்கி கவுன்ட்டரில் நமக்கு முன்னால் ஒரு பெரியவர் பத்து ரூபாய்ச் சில்லறையாக ஐயாயிரம் ரூபாய் கட்டிக்கொண்டிருந்தால், பின்னால் இருப்பவர் கையில் ஒற்றைச் செக் இருந்தாலும் காத்திருக்கத்தானே வேண்டும்? கோடி அறையில், பலவீனமான சிக்னலில், பழைய ஃபோன் ஒன்று மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தால், ஹாலில் இருக்கும் புது லேப்டாப்பும் சேர்ந்தே தேங்கும்.

5 கிகாஹெர்ட்ஸ் அப்படியில்லை. 2018 அக்டோபரில் மத்திய அரசு விதியைத் தளர்த்தி, நம் நாட்டில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் இடத்தை லைசென்ஸ் இல்லாமல் திறந்துவிட்டது. 2.4-ஐப் போல ஏழு மடங்கு. அகலமான ரோடு, 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் லாரி ஓட்டலாம். தவிர, பக்கத்து வீட்டுக்காரரின் 5 அவர் வீட்டுச் சுவரிலேயே பாதி மடிந்துவிடுவதால் உங்களுக்குத் தொந்தரவும் குறைவு. தூரம் போகாததே அதற்கு ஒரு சௌகரியம்!

ஆக, 2.4 தூரம் போகும், கூட்டம் ஜாஸ்தி. 5 வேகம் போகும், தூரம் கம்மி. இவ்வளவுதான் தத்துவம்.

*

கூட்டம் என்றதும் ஃபிளாட்காரர்களை மட்டும் சொல்லிவிட்டால் போதாது. ப்ளூடூத் இயர்ஃபோன், ஒயரில்லாத மவுஸ் எல்லாம் அதே 2.4 தெருவில்தான் குடித்தனம். ஆபீஸ் நண்பர்களுக்கு ஒரு துப்பு: லேப்டாப்பில் வெளி ஹார்ட் டிஸ்க் செருகினதும் மவுஸ் நொண்டி அடிக்கிறதா? மவுஸைத் திட்டாதீர்கள். யூ.எஸ்.பி. 3 இணைப்பு சில சமயம் 2.4-ல் இரைச்சல் கிளப்பும் என்பதை 2012-லேயே இன்டெல் கம்பெனி எழுதி வைத்திருக்கிறது. மவுஸின் குட்டி ரிசீவரை வேறு பக்கம் மாற்றிச் செருகிப் பாருங்கள்.

இவர்களுக்கெல்லாம் தாதா ஒருவர் உண்டு. சமையலறையில் இருக்கிறார். மைக்ரோவேவ் அவன்! அதுவும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பேட்டைதான். வீட்டு ரவுட்டர் பெரும்பாலும் ஒரு வாட்டுக்கும் குறைவான சக்தியில் கிசுகிசுக்கிறது. அவனோ எண்ணூறு, ஆயிரம் வாட்டில் கர்ஜிக்கிறது. இரும்புப் பெட்டிக்குள் அடைத்திருந்தாலும் இம்மியளவு கசியும். உடம்புக்கு அது ஒன்றும் செய்யாது. ஆனால் ரவுட்டரின் கிசுகிசுப்பு அதில் முங்கிப் போகும்.

இதில் ஒரு தமாஷ். ஆஸ்திரேலியாவில் பார்க்ஸ் என்ற ஊரில் 64 மீட்டர் விட்டமுள்ள ராட்சத ரேடியோ டெலஸ்கோப் இருக்கிறது. 1998-லிருந்து அதில் அவ்வப்போது ஒரு மர்ம சிக்னல் வந்துகொண்டிருந்தது. விஞ்ஞானிகள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 2015-ல் கண்டுபிடித்தார்கள். அங்கே வேலை பார்க்கிறவர்கள் சாப்பாடு சூடு பண்ணும்போது, பசி தாங்காமல் நேரம் முடிவதற்கு முன்பே மைக்ரோவேவ் அவனின் கதவைத் திறந்திருக்கிறார்கள். அந்தக் கணத்தில் வெளியே எட்டிப் பார்த்த அலைதான் அந்த மர்ம சிக்னல்!

அந்த டெலஸ்கோப்பை நடத்துகிற அரசு ஆராய்ச்சி நிறுவனம் எது என்றால் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. வைஃபை அலை அறைச் சுவர்களில் மோதி எதிரொலித்துக் குழம்புவதைச் சமாளிக்க ஒரு வழி சொல்லிக் காப்புரிமை வாங்கினவர்களும் அவர்கள்தான். பல கம்பெனிகளிடம் வழக்குப் போட்டும் பேசியும் நாற்பது கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் வாங்கினார்கள். வைஃபையில் சம்பாதித்தவர்களையே மைக்ரோவேவ் பதினேழு வருஷம் சுற்றவிட்டிருக்கிறது என்றால் நாமெல்லாம் எம்மாத்திரம்!

*

சிரித்தது போதும். இப்போது கொஞ்சம் சீரியஸான விஷயம்.

எங்கள் மேல் வீட்டுப் பையன் இன்ஜினீயரிங் முடித்து இரண்டு வருஷமாக வேலை தேடிக்கொண்டிருந்தான். அப்பா தபால் துறையில் ரிடையரானவர். ஒரு கம்பெனியில் எழுத்துப் பரீட்சை தாண்டி, முதல் சுற்று தாண்டி, இரண்டாவது சுற்று வீடியோவில் இன்டர்வியூ. பாதியில் மூன்று தடவை படம் உறைந்து, எதிராளி, "உங்க நெட் சரியில்ல போலிருக்கு, வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வெச்சுக்கலாமா?" என்று கேட்டு முடித்துவிட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். ஆனால் அந்த வீட்டில் அன்றைக்கு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பெரியவர் என்னிடம் வந்தார்.

"தம்பி, கம்பெனிக்கு ஃபோன் பண்ணேன். நூறு பிளான்ல இருக்கீங்க, முந்நூறுக்கு மாத்திக்குங்கன்றாங்க. மாசம் நானூறு ரூபா கூட ஆகும். ஆனா பரவாயில்ல, பையன் வாழ்க்கை இல்லியா... மாத்திடட்டுமா?"

"கொஞ்சம் இருங்க சார், நான் ஒரு தடவை பார்க்கறேன்" என்று மேலே போனேன்.

ரவுட்டர் ஹாலில், டி.வி.க்குப் பின்னால், கொலு பொம்மை வைக்கிற ஷோகேஸுக்குள் பத்திரமாகக் குடியிருந்தது. அதன் பக்கத்தில் நின்று 5-ல் வேகம் பார்த்தால் 90-க்கு மேல் வருகிறது. பையன் ரூம் கோடியில். நடுவில் ஹால் சுவர், டைல்ஸ் ஒட்டின பாத்ரூம் சுவர், அப்புறம் பெரியவர் கல்யாணத்தில் சீராக வந்த இரும்பு பீரோ. ரூமுக்குள் 5 எட்டிக்கூடப் பார்க்கவில்லை. 2.4 வருகிறது, வேகம் ஏழு, எட்டு. அதுவும் பக்கத்து ஃபிளாட்டில் யாராவது படம் பார்க்க உட்கார்ந்தால் இரண்டு, மூன்று.

"சார், மொட்டைமாடி டேங்க் சின்னதா இருக்கறது பிரச்னை இல்ல. டேங்க் நிறையத் தண்ணி இருக்கு. பையன் ரூமுக்குப் போற குழாய்தான் ஒல்லி. டேங்கைப் பெருசு பண்ணினா குழாய்ல தண்ணி கூட வருமா?"

பெரியவர் ஒரு நிமிஷம் யோசித்தார். முப்பத்தைந்து வருஷம் தபால் பிரித்தவர். சட்டென்று பிடித்துக்கொண்டார். "அதாவது, ஹெட் ஆபீஸுக்கு எவ்வளவு மூட்டை வந்தாலும் நம்ம பீட்டுக்கு ஒரே ஒரு சைக்கிள்தான்னு சொல்றே!"

நான் நாலு பக்கத்தில் எழுதுகிற விஷயத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

"ரிப்பீட்டர்னு ஒண்ணு விக்கறாங்களேண்ணா, அத வாங்கி மாட்டிடலாமா?" என்றான் பையன். விலை குறைந்த ரிப்பீட்டரில் ஒரு சங்கடம். கேட்டதை அதே சேனலில் மறுபடி சொல்வதால் நேரம் இரட்டிப்பாகி வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். வியாழக்கிழமைக்கு அது சரிப்படாது. கடைக்குப் போய்ப் பதினைந்து மீட்டர் நெட்வொர்க் கேபிள் வாங்கி, ஹாலிலிருந்து சுவரோரமாக, வாசற்படிக்கு மேலாக ஆணி அடித்து ரூமுக்குக் கொண்டுபோனோம். செலவு சில நூறு ரூபாய், ஒரே தடவை. பிளான் அதே நூறுதான்.

வியாழக்கிழமை இன்டர்வியூ ஐம்பது நிமிஷம் நடந்தது. படம் ஒரு தடவை கூட உறையவில்லை. அடுத்த மாதம் வேலையில் சேர்ந்தான். பையனுக்கு வேலை கிடைத்தது அவன் திறமையால்தான், கேபிளால் இல்லை. ஆனால் முந்தின தடவையும் அதே திறமைதான் இருந்தது. அது எதிராளியிடம் போய்ச் சேரவில்லை. இன்றைக்கு ஒருத்தன் தகுதிக்கும் வேலைக்கும் நடுவில் ஒரு பாத்ரூம் சுவரும் ஒரு பீரோவும் நிற்கமுடியும் என்பதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாலு பேர் உள்ள வீட்டில் ஒதுங்கிப் பேச ஒரு மூலை கிடைப்பதே கஷ்டம். கிடைக்கிற மூலையோ, வீட்டிலேயே சிக்னல் வராத மூலையாக இருக்கிறது!

*

இப்போது உங்கள் வீட்டு விவகாரத்துக்கு வருவோம். காசில்லாத வைத்தியத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ரவுட்டரை ஷோகேஸ், அலமாரி, டி.வி. முதுகு ஆகிய சிறைகளிலிருந்து விடுதலை செய்யுங்கள். வீட்டுக்கு நடுவாக, உயரமாக, திறந்த இடத்தில் வையுங்கள். இரும்பு பீரோ, பெரிய நிலைக்கண்ணாடி, மீன் தொட்டி மூன்றும் ஜென்ம விரோதிகள். ஆன்டெனா நேராக நின்றால் அலை பக்கவாட்டில்தான் மெதுவடை வடிவில் பரவும். குச்சியின் முனைக்கு நேர் மேலேயும் கீழேயும் பலவீனம். மாடியில் சிக்னல் வேண்டுமானால் ஒரு ஆன்டெனாவைப் படுக்கவைத்துப் பாருங்கள்.

இரண்டு பாண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால், எதில் ஒட்டிக்கொள்வது என்று பெரும்பாலும் ஃபோன்தான் தீர்மானிக்கும். சில ஃபோன்கள் பழைய காதலியை மறக்காத ஹீரோ மாதிரி. வாசலில் வரும்போது பிடித்த 2.4-ஐ, ரவுட்டருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பிறகும் விடாது. அந்தத் தொல்லை இருந்தால் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் கொடுத்துவிடுங்கள்.

டி.வி., லேப்டாப், ஆபீஸ் மீட்டிங் எல்லாம் 5-ல். வாசல் கேமரா, ஸ்மார்ட் பல்பு, கோடி ரூம் ஃபோன் 2.4-ல். பல்பு, பிளக் வகையறா பலவற்றுக்கு 5 பாஷையே தெரியாது. 'புது பல்பு கனெக்ட் ஆகலை' என்று திருப்பிக் கொடுக்கக் கிளம்புகிறவர்கள், முதலில் எந்தப் பெயரில் சேர்க்கிறோம் என்று பாருங்கள்.

5-ல் சில சேனல்கள் ராடாரோடு பங்கு. அந்தச் சேனலில் பேசுவதற்கு முன் ரவுட்டர் குறைந்தது ஒரு நிமிஷம் ராடார் உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் பேசவேண்டும். நடுவில் ராடார் சத்தம் கேட்டால் உடனே இடத்தைக் காலி பண்ண வேண்டும். ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் 5 மட்டும் தாமதமாக எழுந்து வருவதற்கு இதுவும் ஒரு காரணம். கெட்டுப் போய்விட்டது என்று அவசரப்படாதீர்கள்.

புது ரவுட்டர் வாங்கத்தான் போகிறேன் என்கிறவர்களுக்கு, பி.காம். படித்தவன் என்ற முறையில் ஒரு ஆடிட் ரிப்போர்ட். அட்டைப்பெட்டியில் 'ஏசி1200' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். என்ன கணக்கு? 2.4-ல் 300, 5-ல் 867. கூட்டினால் 1167. அதை ரவுண்டு பண்ணி 1200! உங்கள் ஃபோன் வழக்கமாக ஒரு நேரத்தில் ஒரு பாண்டில்தான் பேசும். ஆக, 1200 என்பது எந்த ஃபோனும் கண்ணால் பார்க்காத தொகை. போதாததற்கு அந்த 300 கிடைக்க, இருக்கிற 83.5-ல் 40 மெகாஹெர்ட்ஸை ஒரே வீடு சாப்பிடவேண்டும். எங்கள் தணிக்கை வாத்தியார் பார்த்திருந்தால் கையெழுத்தே போட்டிருக்க மாட்டார்.

அதேபோல், நூறு மெகாபிட் பிளானில் டவுன்லோடு பன்னிரண்டுதான் காட்டுகிறது என்று சண்டைக்குப் போகாதீர்கள். பிளானில் சொல்வது பிட். டவுன்லோடில் காட்டுவது பைட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். நூறை எட்டால் வகுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டரை வருகிறதா? கணக்கு நேர்.

*

'ஆறு' என்று ஒன்று புறப்பட்டிருக்கிறது. 6 கிகாஹெர்ட்ஸ். அமெரிக்கா 2020 ஏப்ரலில் அதில் 1200 மெகாஹெர்ட்ஸ் இடத்தை ஒரே வீச்சில் திறந்தது. நம் நாட்டில் அதன் கீழ்ப் பகுதி 500 மெகாஹெர்ட்ஸைத் திறக்க 2025 மே மாதம் வரைவு விதிகள் வெளியாயின. 6 இன்னும் அகலமான ரோடு. ஆனால் சுவரைத் தாண்டுகிற விஷயத்தில் 5-க்குத் தம்பி. இதன் வேகம் முழுசாக வேண்டுமானால் ரவுட்டர் இருக்கிற அறையிலேயே நீங்களும் இருக்கவேண்டும். ரோடு அகலமாக அகலமாக, ஊர் சின்னதாகிக்கொண்டே போகிறது!

எனக்கு இதில் ஒரு விஷயம் ரொம்பப் பிடித்திருக்கிறது. அலைவரிசை என்றாலே ஏலம்தான். 2010-ல் மத்திய அரசு 3ஜி அலைவரிசையை ஏலம் விட்டு 67 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் வாங்கியது. அந்த உலகத்தில், யாருக்கும் பட்டா போட்டுக் கொடுக்காமல், வாடகை வாங்காமல் விட்டுவைத்த இடம் 2.4. அவன் அடுப்புக்காரர்கள் இரைச்சல் போடுகிற இடம், உருப்படியான வேலைக்கு ஆகாது என்று ஒதுக்கிய அந்தப் புறம்போக்கில்தான், உலகத்தில் பாதி வீடுகளின் படிப்பும் பிழைப்பும் இன்றைக்கு நடக்கிறது.

எங்கள் சென்னையில் மந்தைவெளி என்று ஒரு பேட்டை. ஊர் மாடெல்லாம் பொதுவில் மேய்ந்த இடம் என்று பெயரே சொல்கிறது. பொது மேய்ச்சலுக்கு ஒரே ஒரு விதிதான்: என் மாடு வயிறு நிறையவேண்டும் என்று நான் நூறு மாட்டை ஓட்டிவந்தால் எல்லார் மாடும் பட்டினி. 2.4-ம் அப்படித்தான்.

அதனால் உங்களுக்கு ஒரு வேண்டுகோள். ரவுட்டரின் 2.4-ஐ 1, 6, 11-ல் கூட்டம் குறைவான ஒன்றில் வையுங்கள். அகலத்தை 20-க்கு மேல் வைக்காதீர்கள். பக்கத்திலேயே இருக்கிற டி.வி.யை 5-க்கு மாற்றிவிடுங்கள். உங்களுக்கு வேகம் கூடும். அது மட்டுமில்லை. சுவருக்கு அந்தப் பக்கம், கோடி ரூமில், தலையை வாரிக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையை லுங்கிக்கு மேல் மாட்டிக்கொண்டு, பதினோரு மணிக்காக ஒரு பையன் காத்துக்கொண்டிருக்கலாம். அவனுக்கு 5 எட்டாது. 2.4-தான் கதி.

கொஞ்சம் நகர்ந்து உட்காருவோமே ஸார்!